எடை மெஷின் ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது

கேள்வி: 2022 பிப்ரவரி 9

எனக்கு 20 வயது. டாக்டர் போட்ட கணக்குப்படி என் எடை சரியாக இருக்கிறது. வீட்டிலும் ‘ஒல்லியாத்தான இருக்க’ என்கிறார்கள். ஆனால் கண்ணாடி முன் நின்றால் குண்டாகத்தான் தெரிகிறேன். காலையில் சாப்பிடுவதில்லை. மதியம் பாதி வயிறு. இரவு பத்து மணிக்கு மேல் கட்டுப்பாடு போய்விடுகிறது. கையில் கிடைப்பதை எல்லாம் சாப்பிட்டுவிட்டு அழுகிறேன். மறுநாள் காலை மறுபடி பட்டினி. உனக்கு மன உறுதி இல்லை என்கிறாள் தோழி. அதை எப்படி வளர்ப்பது?

பிப்ரவரி 9, இரவு 11.40

மன உறுதி இல்லாதவரால் காலையிலிருந்து இரவு பத்து மணிவரை பசியை அடக்கிக்கொண்டு இருக்க முடியுமா? உங்களிடம் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. பகல் முழுக்கத் தராததை உடம்பு இரவில் கேட்டு வாங்கிக்கொள்கிறது. தோழி சொன்னதை இன்றைக்கே மனதிலிருந்து இறக்கி வையுங்கள்.

19 வயதிலிருந்து 24 வரை நானும் இதே சுழலில் இருந்தேன். ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் ஒரு எடை மெஷின் வைத்திருந்தேன். எழுந்ததும் ஒரு தடவை, கல்லூரி போய் வந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. அரை கிலோ ஏறியிருந்தால் அன்றைக்கு யாருடனும் பேச மாட்டேன். இறங்கியிருந்தால் எல்லாரிடமும் சிரித்துப் பேசுவேன். அறைத்தோழிக்கு என் முகத்தைப் பார்த்தே எண் தெரிந்துவிடும்.

அந்த அரை கிலோ என்ன என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். உடம்பு சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. உப்பு கொஞ்சம் கூடினால் தண்ணீர் தங்கும். மாதவிடாய்க்கு முன் தங்கும். ஒரே ஆளின் எடை ஒரே நாளில் 1 கிலோவோ 2 கிலோவோ ஏறி இறங்குவது சாதாரணம். நான் ஐந்து வருடம் தண்ணீரை எடைபோட்டு அழுதிருக்கிறேன்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் அப்போதைய என் எடையையும் உயரத்தையும் சேர்த்திருந்தேன். காலையில் அழித்துவிட்டேன். இந்த நிலையில் இருக்கும் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்தால் முதலில் செய்வது, தன் எண்ணோடு வைத்துப் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்திருப்பேன். இங்கே பதில் எழுதுபவர்களும் தங்கள் எடையைப் போட வேண்டாம்.

பிப்ரவரி 12

கண்ணாடி பொய் சொல்லுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கண்ணாடி சொல்லாது. கண்தான் பழகிப்போகும்.

2005-ல் ஒரு ஆய்வு வந்தது. கணினியில் குறுக்கிய உடல்களின் படங்களைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து பார்க்க வைத்தார்கள். அதற்குப் பிறகு, எது இயல்பான உடல் என்று கேட்டால் பார்த்தவர்களின் கணிப்பு மெலிந்த பக்கம் நகர்ந்திருந்தது. பார்த்தது சில நிமிடம்தான். வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் கொஞ்ச நேரம் எல்லாம் இருட்டாகத் தெரிகிறது அல்லவா, அதைப்போலத்தான். சில நிமிடத்துக்கே இப்படி என்றால், தினமும் மணிக்கணக்காக ஃபில்டர் போட்ட படங்களைப் பார்க்கும் கண் எந்த அளவுகோலோடு கண்ணாடிக்கு வரும் என்று யோசியுங்கள்.

இன்னொரு பழைய ஆய்வு 1985-ல் நடந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் மிக ஒல்லியிலிருந்து மிகப் பருமன் வரை 9 உருவங்களைக் கோட்டோவியமாகக் காட்டினார்கள். நீ இப்போது இருப்பது எது, ஆசைப்படுவது எது, எதிர்பாலினத்துக்குப் பிடிக்கும் என்று நினைப்பது எது என்று கேட்டார்கள். ஆண்களுக்கு மூன்று பதிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தன. பெண்களுக்கு அப்படி இல்லை. ஆசைப்பட்ட உருவம் இப்போதைய உருவத்தைவிட மெலிந்திருந்தது. ஆண்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைத்த உருவம், ஆண்கள் உண்மையில் தேர்ந்தெடுத்ததைவிட மெலிந்திருந்தது. கேட்கவே கேட்காத ஒரு கோரிக்கைக்காகப் பட்டினி கிடந்திருக்கிறோம்.

பிப்ரவரி 12, மறுபடி

‘ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை’ என்று மேலே உள்ளதை ஒருவர் சுருக்கிச் சொல்லியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அப்படி வாசிக்க இடம் கொடுத்துவிட்டேன்.

சராசரி ஒன்றாக விழுந்தது என்றால் எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. ஒருவன் மெலிய ஆசைப்படுகிறான், இன்னொருவன் பருக்க ஆசைப்படுகிறான், கூட்டி வகுத்தால் நடுவில் நிற்கும். அதோடு அந்த 9 படங்களிலும் கொழுப்புதான் கூடிக் குறைகிறது, தசை இல்லை. 2000-ல் ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்று நாட்டு இளைஞர்களிடம் தசையையும் கூட்டிக் குறைக்கும் வசதியோடு கேட்டார்கள். தங்களிடம் இருப்பதைவிடச் சராசரியாக 13 கிலோ அளவுக்கு அதிகத் தசை உள்ள உடலை அவர்கள் விரும்பினார்கள். பெண்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றும் நம்பினார்கள். பெண்களைக் கேட்டால் அவர்கள் கைகாட்டியது சாதாரண உடலை.

என் தம்பிக்கு இதுதான். 22 வயதில் சட்டைக்குள் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே போவான். ஒல்லியாகத் தெரிகிறேன் என்பான். ஜிம்மில் சேர்ந்து ஒரு வருடத்தில் தோள் அகன்றது. அப்போதும் இரண்டு சட்டை. நேரம் தவறாமல் புரோட்டீன் பவுடர். யார் வீட்டுக்கும் சாப்பிட வர மாட்டான், அளவு தெரியாதாம். நாங்கள் எல்லாரும் அவனுடைய ஒழுக்கத்தைப் பாராட்டினோம். நான் சாப்பிடாமல் இருந்ததைக் கண்டித்த அம்மாவே, அவன் அளந்து சாப்பிட்டதைப் பெருமையாகச் சொன்னார். எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே நோயின் இரண்டு முகம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரி 13

ஒரு சின்ன உதவிக் குறிப்பு. இரவில் சின்னத் தட்டில் சாப்பிடுங்கள். தட்டு சின்னதானால் தானாகவே குறைவாகச் சாப்பிடுவோம் என்று ஆய்வு இருக்கிறது.

பிப்ரவரி 15

மேலே உள்ள தட்டுக் குறிப்பை மறந்துவிடுங்கள். ஒருவர் சுட்டிக்காட்டினார், தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. இந்த மாதிரி ஆய்வுகளை உலகெங்கும் பிரபலமாக்கிய கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் 6 கட்டுரைகளை, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழும இதழ்கள் 2018 செப்டம்பரில் ஒரே நாளில் திரும்பப் பெற்றன. பரிமாறும் பாத்திரம் பெரிதானால் அதிகம் சாப்பிடுவோம் என்ற கட்டுரையும் அதில் ஒன்று.

அந்த ஆய்வுகளை நம்ப முடியாமல் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவருக்கு இரவில் இன்னும் குறைத்துச் சாப்பிட வழி சொல்லியிருக்கிறேன். அதுதான் பெரிய தவறு. பத்து வருடம் ஆகியும் என் கை தன்னால் அந்தப் பக்கமே போகிறது.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவர் தனிச் செய்தியில் எழுதியதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். ‘ஒரு பிஸ்கட் தின்றாலே அன்றைய நாள் கெட்டுவிட்டது என்று தோன்றும், அப்புறம் முழுப் பாக்கெட்டும் போகும்.’

இதற்கு 1975-ல் ஒரு சோதனை செய்தார்கள். மாணவிகளுக்கு ஐஸ்கிரீம் சுவை பார்க்கும் வேலை என்று சொல்லி வரவழைத்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். எப்போதும்போலச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் யாரும் அப்படித்தானே செய்வோம். ஆனால் டயட் கணக்குப் பார்க்கிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு அதிகம் சாப்பிட்டார்கள். அதற்குப் பின் வந்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. உண்மையில் எவ்வளவு கலோரி உள்ளே போனது என்பதைவிட, ‘வரம்பை மீறிவிட்டேன்’ என்ற எண்ணம்தான் கதவைத் திறந்துவிடுகிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்கிறோமே, அதே மனநிலைதான். அந்த வரம்பை வரைந்தது யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நான் வரைந்த கோடு ஒவ்வொரு மாதமும் கீழே இறங்கிக்கொண்டே போனது.

இன்னும் பெரிய சோதனை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது, 1944-45-ல். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியில் கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காக. போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருப்பவர்களைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். 24 வாரம், சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். எடையில் கால் பங்கு போனது. அதை எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்க்காதது, அவர்கள் மனம் முழுக்கச் சாப்பாடு வந்து உட்கார்ந்துகொண்டது. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதை மணிக்கணக்காக வைத்துத் தின்றார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் ஒட்டாமை. சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்ற பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றும் பசி அடங்கவில்லை.

அவர்கள் யாரும் குண்டாக இருக்கிறோம் என்று கவலைப்பட்டு அதில் சேரவில்லை. பட்டினி மட்டுமே அந்த மனநிலையைக் கொண்டுவந்தது. ஹாஸ்டலில் பாடப் புத்தகத்துக்கு நடுவில் நான் ஒளித்து வைத்திருந்த சமையல் குறிப்பு நோட்டு இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்குச் சமைக்கவே தெரியாது. அந்த நோட்டில் 140 பக்கம் எழுதியிருந்தேன்.

மார்ச் 1

‘அப்படியானால் யாருமே எடையைக் குறைக்கக் கூடாதா? எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் குறைக்கச் சொல்கிறார்’ என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார். கோபம் நியாயம்தான்.

குறையுங்கள். மருத்துவர் பார்த்து, காரணம் சொல்லி, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் குறைப்பது வேறு. அப்படிக் கண்காணிப்போடு செய்கிறவர்களுக்குத் தாறுமாறாகச் சாப்பிடும் பழக்கம் கூடுவதில்லை, பலருக்குக் குறையவே செய்கிறது. நான் பேசுவது, குறைக்கத் தேவையே இல்லாத எடையில் நின்றுகொண்டு தனக்குத்தானே தண்டனை விதித்துக்கொள்பவர்களைப் பற்றி. இரண்டையும் ஒரே ‘டயட்’ என்ற சொல்லால் அழைப்பதால் வரும் குழப்பம் இது.

மார்ச் 2

பிஎம்ஐ, அதாவது எடை உயரத்துக்கு ஏற்றதா என்று பார்க்கும் எண், அதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 1830-களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணித, வானியல் அறிஞர் மக்கள்தொகையின் சராசரியைத் தேடும்போது கண்ட விகிதம். பிஎம்ஐ என்று 1972-ல் பெயர் வைத்தவர் ஆன்சல் கீஸ், அதே மினசோட்டா பட்டினிச் சோதனையை நடத்தியவர். தசை எவ்வளவு கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 1998-ல் அமெரிக்காவில் ‘அதிக எடை’ என்பதன் எல்லையைச் சுமார் 27-லிருந்து 25-க்கு இறக்கினார்கள். ஒரு கிராம்கூட ஏறாமல் கோடிக்கணக்கானோர் ‘அதிக எடை’ ஆனார்கள். ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது, நீரிழிவு அந்த எடையிலேயே வந்துவிடுவதால்.

கூட்டமாகப் பார்க்க உதவும் கருவி அது. 20 வயதுப் பெண் இரவு ஏன் அழுகிறாள் என்று அதில் தெரியாது. அவள் எண் ‘சரி’ என்று வந்ததால்தானே டாக்டரும் வீட்டாரும் மேலே எதுவும் கேட்காமல் விட்டார்கள்.

மார்ச் 4

காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் எடை ஏறும் என்று கேள்வி கேட்டவருக்குத் தனிச் செய்தியில் எழுதியிருந்தேன். அதையும் திருத்த வேண்டும். 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 13 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்டவர்கள்தான் ஒரு நாளில் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் சாப்பிட்டிருந்தார்கள். தவிர்த்தவர்களுக்கு எடை ஏறவில்லை.

சரி, அப்போது காலையில் சாப்பிடு என்று ஏன் சொல்கிறேன்? எடைக்காகச் சொல்லியிருக்கவே கூடாது. காலையில் பசிக்காததால் சாப்பிடாதவர் உண்டு, அவருக்கு ஒன்றும் ஆகாது. நேற்று இரவு சாப்பிட்டதற்குப் பரிகாரமாகச் சாப்பிடாமல் இருப்பவரின் கதை வேறு. அவருடைய அடுத்த இரவு அந்தக் காலையிலேயே தொடங்கிவிடுகிறது.

‘எடை ஏறாது, அதனால் சாப்பிடு’ என்று நான் வாதாடியதே அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

மார்ச் 17

பயத்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஒன்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல வருடம் ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்த தகவல்களை வைத்து 2015-ல் பார்த்தார்கள். தான் அதிக எடை என்று நினைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மற்றவர்களைவிட அதிகம் எடை ஏறியிருந்தது. உண்மையில் அதிக எடையில் இருந்தார்களா இல்லையா என்பது அங்கே பெரிய வித்தியாசம் செய்யவில்லை. மன அழுத்தத்தில் அதிகம் சாப்பிட்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். குண்டு என்று உணர வைத்தால் திருந்துவார்கள் என்று நினைத்துக் கேலி செய்யும் மாமாக்களும் அத்தைகளும் இதைப் படிக்க வேண்டும்.

மார்ச் 18

எல்லாவற்றுக்கும் போன்தான் காரணம் என்று எழுதியவருக்கு: போனுக்கு முன்பே நடந்திருக்கிறது. ஃபிஜித் தீவுகளில் நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. பருத்த உடலை நல்ல கவனிப்பின் அடையாளமாகப் பார்த்த சமூகம் அது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் டிவி வந்த புதிதிலும் 3 வருடம் கழித்தும் பள்ளி மாணவிகளிடம் கேட்டார். எடைக்காக வாந்தி எடுப்பதாக முதலில் ஒருவரும் சொல்லவில்லை. 1998-ல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். கேட்ட பெண்கள் சில டஜன்தான், இரண்டு முறையும் வெவ்வேறு பெண்கள், டிவி தவிர வேறு மாற்றங்களும் அங்கே நடந்தன. அதனால் முழுப் பழியையும் டிவி மேல் போட மாட்டேன். ஆனால் 0 என்ற அந்த முதல் எண்ணை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ஒருவருக்கும் தோன்றாத காலம் ஒன்று இருந்திருக்கிறது.

ஏப்ரல் 5

எப்போது டாக்டரிடம் போவது என்று கேட்டவர்களுக்கு. 1999-லிருந்து உலகம் முழுக்கப் பயன்படும் 5 கேள்விகள் உண்டு. வயிறு தாங்க முடியாமல் நிறைந்துவிட்டது என்று வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? 3 மாதத்துக்குள் 6 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறதா? மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போது நீங்கள் குண்டு என்று நம்புகிறீர்களா? சாப்பாடுதான் உங்கள் வாழ்க்கையை ஆள்கிறது என்பீர்களா? இரண்டுக்கு ஆம் என்றாலே போய்ப் பார்க்க வேண்டும். நோய் உறுதி என்று பொருள் இல்லை, பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி கேட்டவருக்குக் குறைந்தது இரண்டு ஆம் இருக்கிறது, முதல் நாளே இருந்தது. பிப்ரவரியிலேயே இதை எழுதாமல் ஆய்வு ஆய்வாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு வருந்துகிறேன்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, மாதவிடாய் நின்றுபோவது, அடிக்கடி வாந்தி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தப்பலாம். எடை ‘சரியாக’ இருப்பவருக்கும் இது நடக்கும். அங்கே போனதும் ‘எடை குறைய மாட்டேன் என்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள், நான் அப்படி ஆரம்பித்து டயட் சீட்டோடு திரும்பியிருக்கிறேன். இரவில் என்ன நடக்கிறது என்பதில் ஆரம்பியுங்கள்.

ஏப்ரல் 6

நேற்று முழுக்கச் சொல்லாத ஒன்றும் உண்டு.

நான் மீண்டு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. உறவினர்கள் கூடிய ஒரு இடத்தில் சித்தி மகளைப் பார்த்தேன். 18 வயது, நன்றாக இளைத்திருந்தாள். ‘இளைச்சு அழகா இருக்கடி’ என்றேன். எதை வைத்து இளைத்தாள் என்று உலகத்திலேயே எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் அப்போது தினமும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்து, சிகிச்சை பாதியில் இருக்கும்போது சொன்னாள்: ‘அக்கா, நீங்க சொன்ன அன்னிக்கு ராத்திரியும் நான் சாப்பிடல.’

ஜூன் 28

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. ஒரு மனநல மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் பார்க்கிறார். மூன்று வேளையும் நடுவில் இரண்டு முறையும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கடிகாரம் பார்த்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் பயமாக இருந்ததாம். கட்டுப்பாடு போகும் இரவுகள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. கண்ணாடியில் இன்னும் குண்டாகத்தான் தெரிகிறதாம். எனக்கும் அது கடைசியாகத்தான் போனது, சாப்பாடு சீரான பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எடை மெஷினை உடனே தூக்கிப் போடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவருடைய மருத்துவர் வாரம் ஒரு முறை அங்கேயே, ஆள் பக்கத்தில் இருக்கும்போது எடை பார்க்க வைக்கிறாராம், அந்த எண்ணுக்குப் பயப்படாமல் பழகுவதற்காக. மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

ஜூலை 3

இடையில் 20 வயதில் எடுத்த என் போட்டோ ஒன்று கிடைத்தது. ‘அட, எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன்’ என்று சந்தோஷப்பட்டு, அதை இங்கே எழுதவும் உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஒல்லி என்றதும் வந்த அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது?

ஜூலை 9

சித்தி மகள் இந்தப் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டாள். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதினேன், ஆனால் படிப்பாள் என்று நினைக்கவில்லை. ஒரே ஒரு திருத்தம் அனுப்பினாள். நான் ‘அழகா இருக்க’ என்று சொல்லவே இல்லையாம். ‘இப்பத்தான்டி சரியா இருக்க’ என்றேனாம். அழகு என்று சொல்லியிருந்தால் மறந்திருப்பாளாம். அந்த ‘இப்பத்தான்’தான் போகவில்லையாம், ஏனென்றால் அதற்கு முன்னால் இருந்தது எல்லாம் சரியில்லை என்று அக்காவே சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 6 குறிப்பை மாற்றாமல் விடுகிறேன். நான் அதை எப்படி நினைவில் வைத்திருந்தேன் என்பதும் அங்கேயே இருக்கட்டும்.